விஞ்ச் கடைசியில்தான்: ஆஃப்ரோடு வண்டிக்கு ரெக்கவரி சாமான்கள் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகத் தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஆஃப்ரோடு வண்டி வாங்கியவர்கள் பலர், சிக்கிய வண்டியை மீட்க (ரெக்கவரி) என்று முதலில் ஆர்டர் போடுவது 9,500 பவுண்டு விஞ்ச், அதாவது வண்டியின் முன்னால் மாட்டி, மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கயிற்றை மாட்ட நம்பகமான கொக்கி எதிர் வண்டியில் இருக்கிறதா, மரத்தைச் சுற்ற பெல்ட் இருக்கிறதா, மண்ணை வெட்ட மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. சேற்றிலும் மணலிலும் சிக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை மண்வெட்டி, டயர் காற்றுக் குறைப்பு, ஒரு நல்ல கயிறு இந்த மூன்றிலேயே வெளியே வந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரை தலைகீழ் வரிசையில் போகிறது. விஞ்ச் ஆறாவது படியில்தான் வரும்.

படி 1: வண்டியின் முழு எடை

ஆர்.சி.யில் காலி எடை இருக்கும். நமக்கு வேண்டியது அது இல்லை. ஆள், டீசல், கூடாரம், தண்ணீர் கேன், ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்த மொத்த எடைதான் கணக்கு. வண்டியின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கதவு ஜிம்னிக்கு அது 1,545 கிலோ. இந்தக் கட்டுரைக்கு ஆளும் சாமானும் ஏற்றிய ஒரு தாரை 2,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: சிக்கிய வண்டியை நகர்த்த எவ்வளவு இழுவை வேண்டும்?

ராணுவ மீட்புப் பிரிவுகளும் ஆஃப்ரோடு பயிற்சியாளர்களும் பயன்படுத்தும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. வண்டி புதையாமல் நிற்கும்போது, தரையைப் பொறுத்து எடையில் ஒரு பங்கு இழுவை வேண்டும். உலர்ந்த பொலபொல மணலில் கால் பங்கு, மேலோட்டமான சேற்றில் மூன்றில் ஒரு பங்கு, ஒட்டும் களிமண்ணில் பாதி. ஏற்றம் இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் 2,200 கிலோ தார் 20 டிகிரி மணல் ஏற்றத்தில் நிற்கிறது. மணலுக்கு 550, ஏற்றத்துக்கு 733, மொத்தம் சுமார் 1,280 கிலோ. இது பெரிய விஷயமே இல்லை.

புதைந்துவிட்டால் கதை மாறும். சக்கர அளவுக்குப் புதைந்தால் வண்டியின் முழு எடை, அதாவது 2,200. மட்கார்டு வரை போனால் இரு மடங்கு, 4,400. கேபின் வரை போனால் மூன்று மடங்கு. மட்கார்டு வரை புதைந்த வண்டி அதே 20 டிகிரி ஏற்றத்தில் இருந்தால் 5,100 கிலோவைத் தாண்டுகிறது. 9,500 பவுண்டு விஞ்சின் உச்சபட்ச இழுவையே 4,309 கிலோதான். இங்கேதான் மண்வெட்டியின் அருமை தெரியும். சக்கரத்துக்கு முன்னாலும் அடிவயிற்றுக்குக் கீழேயும் கால் மணி நேரம் வெட்டினால், மட்கார்டு அளவுப் புதைவு சக்கர அளவுக்கு இறங்கும். 2,200 கிலோ இழுவை மிச்சம். எந்த விஞ்சும் அந்த விலைக்கு அவ்வளவு கூடுதல் பலம் தராது.

மணலில் வெட்டுவதற்கும் முன்னால் டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிப் பாருங்கள். திரும்பக் காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே காற்றோடு தார்ச்சாலையில் ஓட்டி டயரைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

படி 3: வண்டியில் எங்கே மாட்டுவது?

விபத்துகளுக்கு வேர் இங்கேதான். வண்டிக்கு அடியில் பார்த்தால் ஓட்டை போட்ட வளையங்கள் தென்படும். அவற்றில் சில, வண்டியை லாரியிலோ கப்பலிலோ ஏற்றும்போது அசையாமல் கட்டிவைக்க மட்டுமே. மெல்லிய தகட்டில் வெல்டு செய்திருப்பார்கள். நின்ற வண்டியைப் பிடித்துவைக்கும் அந்த வளையம், சேற்றிலிருந்து பிடுங்கும் விசைக்குப் பிய்த்துக்கொண்டு வரும். பம்பரில் திருகி மாட்டும் ஒற்றை இழுவை வளையமும் தட்டையான சாலையில் பழுதான காரை மெதுவாக இழுக்கத்தான். உங்கள் வண்டியில் எது எதற்கு என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சேஸிஸில் நேரடியாக, குறைந்தது இரண்டு போல்ட்டில் மாட்டிய, சுமை அளவு பொறித்த ரெக்கவரி பாயின்ட் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றாவது வேண்டும். முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

டிரெய்லர் மாட்டும் உருண்டைப் பந்தில் ஒருபோதும் பெல்ட்டை மாட்டாதீர்கள். அதன் கழுத்து உடைந்தால் இரும்புக் குண்டு பெல்ட்டின் இழுவிசையோடு பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். ஆஸ்திரேலியாவில் இதனால் உயிரிழப்புகளே நடந்திருக்கின்றன. பின்னால் சதுரக் குழாய் ரிசீவர் இருந்தால், பந்தைக் கழற்றிவிட்டு அந்தக் குழாய்க்குள் பொருந்தும் ஷாக்கிள் கட்டையைப் போடுங்கள் (ஷாக்கிள் என்பது முள் திருகி மூடும் வில் வடிவ இரும்பு வளையம்).

முன்னால் இரண்டு பாயின்ட் இருந்தால் சுமையை இரண்டுக்கும் பகிர ஒரு பிரைடில் பெல்ட் உதவும். ஆனால் அதன் இரு கைகளுக்கும் நடுவே உள்ள கோணம் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பாயின்டும் சுமையில் 58 சதவீதம் தாங்கும். பெல்ட் குட்டையாகி கோணம் 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்கும், பகிர்ந்ததால் பயனே இல்லை. 3 மீட்டர் நீளம் வாங்குங்கள்.

படி 4: நீளும் கயிறு, நீளாத பெல்ட்

கடையில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், வேலை முற்றிலும் வேறு.

நீளும் வகையான கைனடிக் கயிறும், பட்டை வடிவிலுள்ள ஸ்நாட்ச் ஸ்ட்ராப்பும் நைலான். சுமை ஏறும்போது கயிறு சுமார் 30 சதவீதம், ஸ்ட்ராப் சுமார் 20 சதவீதம் நீண்டு, பிறகு சுருங்கிச் சிக்கிய வண்டியைப் பிடுங்கி எடுக்கும். இன்னொரு வண்டி கூட இருக்கும்போது இதுதான் வேகமான வழி. உடையும் அளவு, இரண்டு வண்டிகளில் இலகுவானதன் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் அறுந்துவிடும். மிக அதிகமானால் அது நீளவே நீளாது, இரும்புச் சங்கிலியால் வெடுக்கென்று இழுப்பது போல ஆகி வண்டியின் பாயின்டைப் பெயர்த்துவிடும். ஜிம்னிக்கு 15 டன் கயிறு வாங்குவது இந்தத் தவறு. தார் அளவு வண்டிக்கு 9 மீட்டர் நீளமும் 19 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, 8 டன்னுக்குச் சற்று மேல் தாங்கும் கைனடிக் கயிறு சரியாக இருக்கும். நைலான் நனைந்தால் பத்து சதவீதத்துக்கு மேல் பலம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நீளாத பெல்ட் பாலியெஸ்டர். மரத்தைச் சுற்ற, விஞ்ச் கயிற்றை நீட்ட, பிரைடில் போட இதுதான். இதைக் கட்டி வேகமாகப் பிடுங்கக் கூடாது. அதேபோல் நீளும் கயிற்றை விஞ்சோடு சேர்த்தும் போடக் கூடாது, விஞ்ச் அதை ரப்பர் போல இழுத்து நிறுத்தி வைக்கும், எங்காவது ஒன்று விட்டால் மொத்தமும் திரும்பிப் பாயும்.

மரத்துக்கான பெல்ட்டை ஆஃப்ரோடு கடையிலேயே வாங்க வேண்டும் என்பதில்லை. சென்னைப் பாரிமுனை போன்ற இடங்களில் கிரேன்காரர்களுக்குத் தூக்குபெல்ட் விற்கும் கடைகளில் இரு முனையிலும் காது வைத்த 3 மீட்டர் பாலியெஸ்டர் பெல்ட் கேளுங்கள். நிறமே சுமையைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். மஞ்சள் போதும். இவற்றில் எழுதியிருப்பது வேலைச்சுமை, அதாவது பாதுகாப்பாக ஏற்றக்கூடிய சுமை; உடையும் அளவு அதைப் போல ஏழு மடங்கு. லேபிள் இல்லாத பெல்ட்டை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 5: ஷாக்கிளும் அதன் எண்களும்

மேலே சொன்ன வேலைச்சுமை, உடையும் அளவு இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. கைனடிக் கயிற்றில் 8 டன் என்றிருந்தால் அது உடையும் அளவு. இரும்பு ஷாக்கிளில் 4.75 டன் என்றிருந்தால் அது வேலைச்சுமை. தரமான ஷாக்கிள் ஆறு மடங்கு பாதுகாப்போடு வரும், அதாவது உடைய 28 டன்னுக்கு மேல் வேண்டும். அதனால் 4.75 டன் ஷாக்கிளைப் பார்த்து 8 டன் கயிற்றைவிடப் பலவீனம் என்று நினைப்பது தவறு. உண்மையில் நமக்கு வேண்டியதும் இதே வரிசைதான்: அறுந்தால் லேசான கயிறு அறுபட வேண்டும், இரும்பு பறக்கக் கூடாது.

கப்பி போடாத இழுப்புக்கு 4.75 டன் வில் ஷாக்கிள் இரண்டு போதும். உடலில் சுமை எண்ணும் தயாரிப்பாளர் குறியும் உலோகத்திலேயே பொறித்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் வேண்டாம். முள்ளைக் கையால் முழுவதும் திருகினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் இழுத்து முடித்த பிறகு கழற்ற முடியாமல் ஆக்ஸா பிளேடு தேட வேண்டிவரும். ஷாக்கிளைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், சுமை எப்போதும் முள்ளுக்கும் வில்லுக்கும் நேர்கோட்டில் வர வேண்டும்.

டைனீமா என்ற பலமான செயற்கை இழை நூலில் பின்னிய சாஃப்ட் ஷாக்கிள் இன்னும் நல்லது. கைப்பிடி அளவே எடை, அறுந்தாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் கூர்மையான விளிம்புள்ள பாயின்டில் போட்டால் கத்தி பட்டது போல அறுபடும். உங்கள் ரெக்கவரி பாயின்டின் ஓட்டையை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு உருட்டியிருந்தால் சாஃப்ட், வெட்டியபடி இருந்தால் இரும்பு.

இரண்டு கைனடிக் கயிறுகளை ஷாக்கிள் போட்டு இணைக்க வேண்டாம். ஒன்றின் காதுக்குள் மற்றொன்றைக் கோர்த்து, நடுவில் சுருட்டிய துணியோ குச்சியோ வைத்தால் முடிச்சு இறுகாது.

படி 6: இப்போது விஞ்ச்

அளவுக்கு ஒரே விதி: மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். ஜிம்னிக்கு 1,545 × 1.5, ஏறத்தாழ 2,320 கிலோ. 6,000 பவுண்டு விஞ்ச், அதாவது 2,722 கிலோ, போதுமானது. 2,200 கிலோ தாருக்கு 3,300 கிலோ. 8,000 பவுண்டு விஞ்ச் 3,629 கிலோ, அதுவே அடிமட்டம். 9,500 என்றால் நிம்மதி. அதற்கு மேல் போவது வீண். இரும்புக் கயிறோடு 9,500 பவுண்டு விஞ்ச் 35 முதல் 40 கிலோ வரை எடை இருக்கும். அது முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் ஜிம்னி போன்ற இலகுவான வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும்.

பெட்டியில் போட்ட எண், விஞ்ச் கயிறு சுற்றும் டிரம்மில் ஒரே ஒரு அடுக்குக் கயிறு மிஞ்சியிருக்கும்போது கிடைக்கும் இழுவை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கையில் டிரம்மின் விட்டம் கூடி, இழுவை ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். நான்காவது அடுக்கில் 9,500 பவுண்டு விஞ்ச் 2,700 முதல் 2,900 கிலோதான் இழுக்கும். ஆகவே பக்கத்தில் மரம் இருக்கிறதே என்று 5 மீட்டரில் கட்டுவதைவிட, 20 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் கட்டினால் விஞ்ச் அதிகம் இழுக்கும்.

கயிறு. இரும்பா, டைனீமா போன்ற சிந்தெடிக்கா? பாறையில் உரசும் வேலை அதிகம் என்றால் ஒழிய, முதல் விஞ்சுக்குச் சிந்தெடிக்தான் எங்கள் தேர்வு. இரும்புக் கயிறு மடிந்தால் சரியாகாது, அறுந்த இழைகள் ஊசி போலக் கையில் ஏறும், விட்டால் சாட்டையாய்ச் சுழலும். 10 மில்லிமீட்டர் டைனீமா கயிறு அந்த அளவு பலத்தோடு, மிக இலகுவாக, தண்ணீரில் மிதக்கும். அதன் எதிரிகள் மூன்று: வெயில், மணல், சூடு. டைனீமா 145 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் இழக்கும். பல விஞ்சுகளில் அதன் பிரேக், கயிறு சுற்றும் டிரம்முக்கு உள்ளேயே இருப்பதால், சுமையோடு கயிற்றை வெளியே விட்டால் டிரம் கொதித்து அடி அடுக்கைக் கருக்கிவிடும். வண்டியைச் சரிவில் இறக்க விஞ்சைப் பிரேக்காகப் பயன்படுத்தாதீர்கள்.

கயிறு விஞ்சைவிட்டு வெளியே வரும் இடத்தில் இரும்புக்கு உருளை வழிகாட்டி, சிந்தெடிக்குக்கு வழவழப்பான அலுமினிய வாய். இரும்புக் கயிறு ஓடிப் பள்ளம் விழுந்த உருளையில் சிந்தெடிக்கை ஓடவிட்டால் சில இழுப்பிலேயே பிசிறடிக்கும்.

மின்சாரம். முழுச் சுமையில் 12 வோல்ட் விஞ்ச் 400 ஆம்பியர் வரை குடிக்கும். காரின் ஆல்டர்னேட்டர் தருவது நூறை ஒட்டித்தான். மீதி பேட்டரியிலிருந்துதான் போகிறது, அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இழுங்கள், ஒரு நிமிடம் இழுத்துவிட்டுச் சில நிமிடம் ஓய்வு விடுங்கள். மோட்டார் உறையில் கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஓய்வு இன்னும் வேண்டும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கேபிள், இடையில் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச். விஞ்சுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டு விஞ்ச் நிற்காமல் இழுப்பது அரிதல்ல, அப்போது கையருகே அணைக்க ஒன்று இருக்க வேண்டும்.

மாட்டும் தகடு. விஞ்சின் பாதத்துக்கு 8.8 கிரேடு போல்ட் நான்கும் போடுங்கள். கூட வந்தது தொலைந்துவிட்டதென்று ஹார்டுவேர் கடையில் சாதாரண போல்ட் வாங்கினால் அதுவே சங்கிலியின் மெலிந்த கண்ணி. தகடு சேஸிஸ் முனைகளில் நிற்க வேண்டும், பம்பரில் அல்ல. இன்னொன்று: 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டங்களான கிராஷ் கார்டு, புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி. எனவே வெளியே துருத்தும் இரும்புச் சட்டத்தோடு விஞ்ச் வைப்பது சாலையில் அபராதத்தைத் தேடிக்கொள்வது. கம்பெனி பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகடுகள் கிடைக்கின்றன.

புதுக் கயிற்றை வந்தபடியே பயன்படுத்தாதீர்கள். லேசான ஏற்றத்தில் மரத்தில் கட்டி, கயிறு முழுவதையும் விட்டு, உங்கள் வண்டியையே மெதுவாக இழுத்தபடி நெருக்கமாகச் சுற்றுங்கள். 200 கிலோ வாக்கில் இழுவிசை இருந்தால் போதும். தளர்வாகச் சுற்றிய கயிற்றில் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

படி 7: கப்பி

ஒரு கப்பி, விஞ்சின் இழுவையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கும், வேகத்தைப் பாதியாக்கும். கயிறு விஞ்சிலிருந்து மரத்திலுள்ள கப்பிக்குப் போய்த் திரும்பி உங்கள் வண்டியின் பாயின்டுக்கே வர வேண்டும். உராய்வில் கொஞ்சம் போகும். இரண்டாம் படியில் பார்த்த 5,100 கிலோ கணக்கு இப்படித்தான் கைக்குள் வருகிறது.

கப்பி தாங்கும் சுமையை மறந்துவிடக் கூடாது. கயிற்றில் 3 டன் இழுவை இருந்தால் கப்பியிலும் மரத்து பெல்ட்டிலும் 6 டன். மஞ்சள் 3 டன் பெல்ட்டை மரத்தைச் சுற்றி இரு காதையும் சேர்த்து மாட்டினால் இரு கைகளும் சுமையைப் பகிர்வதால் 6 டன் வேலைச்சுமை கிடைக்கும், அதனால்தான் அந்த அளவு. திசை திருப்ப மட்டும் கப்பி போடும்போது சுமை கோணத்தைப் பொறுத்தது: கயிறின் இரு பாகங்களுக்கு நடுவே 90 டிகிரி என்றால் 1.4 மடங்கு, 120 டிகிரி என்றால் ஒரு மடங்கு.

மரமே இல்லாத இடமும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் ஆங்காங்கே பனை நிற்கும், எப்போதும் தேவைப்பட்ட திசையில் நிற்காது. அப்போது ஸ்டெப்னியைப் புதைக்கலாம். முழங்காலுக்கு மேல் ஆழத்தில் குழி வெட்டி, சக்கரத்தின் நடு ஓட்டையில் கடப்பாரை கொடுத்து பெல்ட் கட்டி, பெல்ட் வெளியேறும் பக்கம் சாய்வாய் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அது இல்லாவிட்டால் பெல்ட் சக்கரத்தை மேலே தூக்கிவிடும். தேரியின் சில பகுதிகள் காப்புக் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம்.

படி 8: முதல் இழுப்பு

1. சக்கரத்தைச் சுழற்றுவதை நிறுத்துங்கள். வெட்டுங்கள். காற்றைக் குறையுங்கள்.

2. மரத்தின் அடியில், தரைக்கு முடிந்த அளவு அருகே பெல்ட் போடுங்கள். விஞ்ச் கயிற்றையே மரத்தில் சுற்றி அதன் கொக்கியை அதிலேயே மாட்டினால் மரமும் செத்துப்போகும், கயிறும் வீண். சவுக்குத் தோப்பின் மெல்லிய மரங்களானால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டுங்கள்.

3. விஞ்சின் கிளட்ச்சை விடுவித்துக் கயிற்றைக் கையால் இழுத்துப் போங்கள். தோல் கையுறை போடுங்கள். கொக்கியில் விரல் நுழைக்காமல் அதில் கட்டிய நாடாவைப் பிடியுங்கள். டிரம்மில் இரும்பென்றால் 5 சுற்று, சிந்தெடிக் வழுக்கும் என்பதால் 8 முதல் 10 சுற்று மிஞ்ச வேண்டும். அந்த இடத்தில் கயிற்றில் சிவப்பு மார்க்கர் போட்டுவிடுங்கள்.

4. கொக்கியின் வாய் மேல்நோக்கி இருக்கட்டும். நழுவினால் தரையைப் பார்த்துப் போகும்.

5. கயிற்றின் நடுவே டேம்பர், அதாவது கயிறு அறுந்தால் பாயாமல் அமுக்கும் கனமான விரிப்பு, போடுங்கள். இல்லையென்றால் நனைத்த சாக்கு, கனமான ஜமுக்காளம்.

6. கயிறு விறைக்கும் வரை மட்டும் இழுத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஷாக்கிள் கோணலாக நிற்கிறதா, பெல்ட் முறுக்கியிருக்கிறதா என்பது இந்த நிலையில்தான் கண்ணுக்குத் தெரியும்.

7. கயிறு நீண்டிருக்கும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் யாரும் நிற்கக் கூடாது. கயிற்றின் கோட்டில் எந்தத் தூரத்திலும் வேண்டாம். செல்போன் எடுத்துப் பக்கத்தில் வரும் நண்பரைத் திட்டியாவது விலக்குங்கள்.

8. சைகை கொடுப்பவர் ஒருவர் மட்டும். சிறிது சிறிதாக இழுங்கள், ஓட்டுநர் தாழ் கியரில் மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுக்கலாம். கயிறு டிரம்மின் ஒரு ஓரத்தில் குவிகிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சாய்கோணத்தில் இழுத்தால் அப்படிக் குவிந்து விஞ்சின் உடலை உடைக்கும்.

9. வண்டி உறுதியான தரைக்கு வந்ததும் கை பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. அதன் பிறகே கயிற்றைத் தளர்த்துங்கள்.

கைனடிக் கயிறு என்றால் முறை வேறு. இரண்டு வண்டிக்கும் நடுவே 2 மீட்டர் தளர்வு விட்டு, இழுக்கும் வண்டி முதல் முறை நடைவேகத்தில், போதாவிட்டால் மணிக்கு 10 கிலோமீட்டர் வரை. மூன்று முறை இழுத்தும் அசையவில்லையா, வேகத்தைக் கூட்டாதீர்கள், மறுபடி மண்வெட்டியை எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சேறு படிந்த கயிறுகளைச் சோப்பு இல்லாத தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உள்ளே புகுந்த மணல் துகள்கள் இழைகளை உள்ளிருந்தே அரைக்கும். சிந்தெடிக்கில் மேலே பஞ்சு மாதிரி பிசிறுவது சாதாரணம். ஒரு பின்னல் கற்றை அறுந்திருந்தாலோ, தொட்டால் கண்ணாடி போல விறைத்து உருகிய இடம் இருந்தாலோ அந்த இடத்தை வெட்டி, பின்னத் தெரிந்தவரிடம் கொடுத்து இணையுங்கள். முடிச்சு போட்டால் பலம் ஏறத்தாழ பாதியாகும். மரத்து பெல்ட்டின் ஓரத்தில் தையல் பிரிந்தால் பேச்சே இல்லை, வெட்டிப் போட்டுவிடுங்கள், முழுதாக வைத்திருந்தால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.